தாகம் இல்லாத தாத்தா

கத்திரி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் முதல் கவலை வடாம் பிழிவதைப் பற்றியது. அடுத்தது ஆவக்காய்க்கு நல்ல மாங்காய் கிடைக்குமா என்பது. சாய்வு நாற்காலியில் கிடக்கும் கிழவரைப் பற்றிய கவலை வெகு தாமதமாகவே வருகிறது. அவரும், "நான் பார்க்காத வெயிலா?" என்று கேட்டு நம் வாயை அடைத்துவிடுகிறார்.

பார்த்த வெயில்தான், வாஸ்தவம். ஆனால் அன்று அதைத் தாங்கிய தேகம் வேறு. பிராயம் ஏற ஏற வியர்வை குறைகிறது. தாக உணர்ச்சியும் மங்குகிறது. உடம்பில் நீர் வற்றிய பின்னும் நா தண்ணீர் கேட்பதில்லை. போதாக்குறைக்கு, ரத்த அழுத்தத்துக்கென்று வைத்தியர் கொடுக்கும் மாத்திரைகளில் சில, சிறுநீரைப் பெருக்கி, இருக்கும் நீரையும் உப்பையும் வெளியேற்றிவிடுகின்றன. (அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்திவிடலாகாது.)

இவற்றை நாம் கற்றது புத்தகத்தில் அல்ல. 2019 மே மாதத்தில் ஒரு நாள், மாடியறையில் பகல் உறக்கம் கலைந்து எழுந்த நம் தகப்பனார், காலஞ்சென்ற நம் தாயாரை அழைத்துக் காபி கேட்டார். வயோதிக மறதி என்று எண்ணிச் சிரித்தோம். கையைத் தொட்டதும் சிரிப்பு நின்றது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போல் கொதித்தது. தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டுதான் இருந்தது. அறைக் காற்று நாற்பது டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறி அனலைத்தான் வாரி இறைக்கும் என்பது அன்று நமக்குத் தெரியாது.

108-க்குச் சொல்லிவிட்டு, கீழ் அறைக்குத் தூக்கி வந்து, சட்டையைக் கழற்றிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். ஈரத் துண்டைப் போர்த்தி விசிறினோம். அடுத்த வீட்டு மாமி மோர்ச் செம்புடன் ஓடிவந்தார். நினைவு தடுமாறுகிறவருக்கு எதையும் புகட்டக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று சொல்லித் தடுத்தோம். மாமிக்குச் சற்று மனத்தாங்கல்தான். ஜுர மாத்திரையும் இந்தச் சூட்டுக்கு உதவாது. தகப்பனார் பிழைத்தார்.

எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் கிட்டுவதில்லை. 2003 ஆகஸ்டில் பிரான்ஸ் தேசத்தை வாட்டிய வெப்பத்துக்குச் சுமார் 15,000 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் 75 வயதைக் கடந்தவர்கள். தனியே வசித்தவர்கள் பலர். அங்கே ஆகஸ்டு விடுமுறை மாதம்.

இப்பொழுது தகப்பனாருக்குக் கீழ் அறைதான். தாகம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. வேளை தவறாமல் மோரோ தண்ணீரோ வந்துவிடும். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். "எனக்கு வேண்டாமடா" என்று அவர் இன்றும் சொல்லத்தான் சொல்கிறார். பேரன் டம்ளரை நீட்டியபடி நிற்கிறான். காலியாகும் வரையில் நகருவதில்லை.