ஊர்ப்பாலை ஒன்று சேர்த்தவர்

பால் காத்திருக்காது. நெல்லைப் போல மூட்டை கட்டி வைத்து, நல்ல விலை வரட்டும் என்று பொறுத்திருக்க முடியாது. சில மணி நேரத்தில் திரிந்துவிடும். அதனால் வாங்குபவர் சொன்னதே விலை என்றாகிவிடுகிறது. மாடு வளர்க்கும் குடும்பங்கள் இதனை நன்கு அறியும். இந்த முடிச்சை அவிழ்த்த திரிபுவன்தாஸ் பட்டேலின் வாழ்க்கையை இன்று நாம் காண்போம்.

இந்தியாவில், இன்றைய குஜராத் மாநிலத்து ஆனந்த் என்னும் ஊரில் 1903ஆம் ஆண்டு அவர் பிறந்தார். காந்தியடிகளின் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார்.

ஆனந்த் இருந்த கைரா மாவட்டத்திலிருந்து பம்பாய் நகருக்குப் பால் அனுப்பும் திட்டத்தை 1945இல் அரசு தொடங்கிற்று. அங்கே பாலை வாங்கும் உரிமை போல்சன் என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தது. கறந்தவர் கைக்கு வந்ததோ சொற்பம். உழவர்கள் சர்தார் வல்லபாய் பட்டேலிடம் முறையிட்டனர். சொந்தக் கூட்டுறவுச் சங்கம் அமைக்குமாறு அவர் வழி கூறினார். 1946 ஜனவரியில் உழவர்கள் சமர்க்கா என்னும் ஊரில் கூடி, தங்கள் சங்கத்துக்கே பால் தருவதென முடிவு செய்தனர். பதினைந்து நாள் பால் கொடுக்க மறுத்தனர். அரசு இறங்கி வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் நாள் கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் அதன் தலைவரானார்.

இச்சங்கம் நடக்கும் விதம் எளிது. காலையும் மாலையும் ஊர்ச் சங்கத்தில் பாலை அளப்பார்கள், கொழுப்பைச் சோதிப்பார்கள். காலைப் பாலுக்கு மாலையிலும், மாலைப் பாலுக்கு மறுநாள் காலையிலும் பணம் தருவது அன்றைய வழக்கமாக இருந்தது. ஒரு மாடு உள்ளவருக்கும் ஒரு வாக்கு, பத்து மாடு உள்ளவருக்கும் ஒரு வாக்கு. ஊர்ப்பால் எல்லாம் ஒன்றியத்தின் சொந்த ஆலைக்குச் சென்று பதப்படுத்தப்படும். பால் கெடும் என்ற அச்சம் நீங்கவே, விலை பேசும் வலிமை உழவர் கைக்கு வந்தது.

1949இல் ஆனந்துக்கு வந்த வர்கீஸ் குரியன் என்ற இளம் பொறியியலாளரைத் திரிபுவன்தாஸ் தம்மோடு இருத்திக்கொண்டார். தொழிலை அவரிடம் நம்பி ஒப்படைத்தார். உழவர்களின் நம்பிக்கையைத் தாம் காத்தார். குளிர்காலத்தில் எருமைப்பால் மிகுதியாகச் சுரந்து தேங்கியது. எருமைப்பாலை மாவாக்க இயலாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் கருதிய காலம் அது. 1955இல் அதற்கான ஆலையே ஆனந்தில் திறக்கப்பட்டது. ‘அமுல்’ என்ற பெயர் நாடெங்கும் பரவிற்று.

திரிபுவன்தாஸ் 1967 முதல் 1974 வரை இந்திய மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்தார். அவர் தலைமைப் பதவியை விட்டு விலகியபோது, உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாயாகச் சேர்த்து 6 லட்சம் ரூபாயைப் பணமுடிப்பாக வழங்கினர். அதை அவர் தம் வீட்டுக்குக் கொண்டு செல்லவில்லை. ஊர்ப் பெண்கள், குழந்தைகளின் உடல்நலத்துக்காக ஓர் அறநிலையம் தொடங்கினார். 1994இல் மறைந்தார். 2025இல் ஆனந்தில் அமைந்த கூட்டுறவுப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

தனித்தனியே ஒரு படி பால் வைத்திருந்தவர்கள் ஒன்றுகூடி ஆலைக்கே உரிமையாளர் ஆனார்கள். கணக்கில் நேர்மையும் தலைவர்மேல் நம்பிக்கையும் இருந்தமையால் அந்த ஒற்றுமை நிலைத்தது. சங்கம் எதுவாயினும், நாம் முதலில் கேட்க வேண்டியவை இவ்விரண்டுமே.