ஒரே ஒருமுறை காட்டிய வீடியோ

1992 ஜனவரியில், மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை ஒட்டி, அமெரிக்காவின் எம்.டிவி ஒரு ராப் பாடலின் வீடியோவை ஒளிபரப்பியது. பாடியவர்கள் நியூயார்க்கின் ‘பப்ளிக் எனிமி’ குழுவினர். பாட்டு, ‘பை தி டைம் ஐ கெட் டு அரிசோனா’. வீடியோவில் இரண்டு கதைகள் மாறி மாறி ஓடும். கறுப்பு வெள்ளையில் ஓடுவது பழைய கதை: உணவகத்தில் உட்கார்ந்து உரிமை கேட்கும் கறுப்பின மக்களை வெள்ளையர்கள் அடித்து இழுக்கிறார்கள், கடைசியில் கிங் சுடப்பட்டு விழுகிறார். வண்ணத்தில் ஓடுவது கற்பனை: சீருடை அணிந்த ஒரு படை ஆயுதப் பயிற்சி எடுக்கிறது, அரிசோனா அரசியல்வாதி ஒருவருக்கு இனிப்பில் விஷம் போகிறது, ஆளுநரின் கார் குண்டு வெடித்துச் சிதறுகிறது. எம்.டிவி ஒருமுறை காட்டியது. அவ்வளவுதான், நிறுத்திவிட்டது.

கோபத்துக்குக் காரணம் ஒரு விடுமுறை நாள். கிங் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கும் சட்டத்தில் ரீகன் கையெழுத்திட்டது 1983இல். மாநிலங்கள் தத்தம் ஊழியர்களுக்கு அதைத் தனியாக அறிவிக்க வேண்டும். அரிசோனாவில் ஆளுநர் புரூஸ் பாபிட் 1986இல் தன் அதிகாரத்தில் ஓர் ஆணை போட்டார். அடுத்து வந்தவர் இவான் மீச்சம், கார் வியாபாரி. பதவியேற்ற சூட்டோடு, அந்த ஆணை செல்லாது என்று 1987 ஜனவரியில் ரத்து செய்தார். ஸ்டீவி வொண்டர் போன்ற பாடகர்கள் அந்த மாநிலத்தில் பாட மறுத்தார்கள். மாநாடுகள் வேறு ஊருக்குப் போயின. மீச்சம் வேறு குற்றச்சாட்டுகளில் 1988இல் பதவி இழந்தார். ஆனால் விடுமுறை வரவில்லை. 1990இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். மக்களும் வேண்டாம் என்றார்கள்.

இந்தப் பின்னணி தெரியாமல் வீடியோவை மட்டும் பார்த்தால் வெறும் கொலைக் கற்பனையாகத் தெரியும். தெரிந்து பார்த்தாலும் ஒரு நெருடல் மிஞ்சும். வாழ்நாள் முழுக்க அகிம்சை பேசியவரின் பெயரால் கார் குண்டா? அன்று கிங்கின் வழி வந்தவர்களே இதைக் கேட்டார்கள். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. குழுவின் தலைவர் சக் டி ஏபிசியின் ‘நைட்லைன்’ நிகழ்ச்சி வரை போய்த் தன் பக்கத்தைச் சொன்னார். செய்தி சேனல்களும் சர்ச்சையைக் காட்டுகிற சாக்கில் வீடியோவின் துண்டுகளைப் போட்டன. பாட்டுச் சேனலில் காட்டக் கூடாதது, செய்தியில் காட்டலாம் என்றாகிவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் பாதியிலும் ரத்தம் இருக்கிறது, அடி இருக்கிறது, கொலை இருக்கிறது. அதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. நடந்த கொலை சகிக்கக்கூடியதாக இருந்தது; நடக்காத கொலைதான் ஆபத்தாகத் தெரிந்தது. சாகிறவர் பதவியில் இருப்பவர் என்பதுதான் வேறுபாடு.

சரி, அரிசோனா கடைசியில் எப்படி வழிக்கு வந்தது? குண்டாலும் இல்லை, பாட்டாலும் இல்லை. அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் 1993இல் அங்கே நடப்பதாக இருந்தது. 1990 வாக்கெடுப்பு தோற்றதும் என்.எஃப்.எல். அமைப்பு அதைக் கலிஃபோர்னியாவின் பாசடீனாவுக்கு மாற்றிவிட்டது. ஓட்டல் வருமானம், விளம்பர வருமானம் எல்லாம் கூடவே போயின. 1992 நவம்பரில் மறுபடி வாக்கெடுப்பு. இந்த முறை விடுமுறை ஜெயித்தது. 1996இல் சூப்பர் பவுல் அரிசோனாவுக்கு வந்தது. கிங்கின் கனவை அங்கே காப்பாற்றியது மனசாட்சி என்பதைவிட கல்லாப்பெட்டி என்று சொன்னால் அதிகம் தப்பில்லை.

2003இல் இன்னொரு வீடியோவுக்குத் தணிக்கைக் கத்தரிக்கோலை யாரும் நீட்டவே வேண்டியிருக்கவில்லை. மடோனாவின் ‘அமெரிக்கன் லைஃப்’ வீடியோவில், போர் உடைகளைக் கேலி செய்யும் ஒரு ஃபேஷன் அணிவகுப்பு வரும். முடிவில் அவர் ஒரு கையெறி குண்டை வீச, அது ஜார்ஜ் புஷ் சாயலில் இருப்பவர் கையில் போய்ச் சேரும். இராக் மீது படையெடுப்பு தொடங்கிய சில நாட்களில் மடோனாவே வீடியோவைத் திரும்பப் பெற்றார். பதிலுக்கு வந்தது, நாட்டுக் கொடிகளுக்கு முன்னால் நின்று அவர் பாடுகிற சாதுவான பதிப்பு. அதற்குச் சற்று முன்னால்தான், லண்டன் மேடையில் புஷ்ஷைக் குறை சொன்ன டிக்ஸி சிக்ஸ் குழுவின் பாட்டுகளை அமெரிக்க வானொலிகள் ஒதுக்கத் தொடங்கியிருந்தன. தடை உத்தரவைவிட இந்தப் பயம் மலிவு. வேலையும் கச்சிதமாக முடிகிறது.

அடுத்த கதை நமக்குப் பக்கத்தில் வருகிறது. பாடகி எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்குத் தப்பி மறுபடி லண்டன் போனவர். அப்பா, ஈழப் போராட்ட இயக்கமான ஈரோஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அருளர். மகளின் முதல் ஆல்பத்துக்கும் அதே பெயர். தென்னிந்தியக் காட்டில் எடுத்த ‘சன்ஷவர்ஸ்’ வீடியோவுக்கு, பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருகிறது என்று எம்.டிவியில் சிக்கல். ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் கேட்கும் துப்பாக்கிச் சத்தத்தைத் தொலைக்காட்சியில் மழுப்பினார்கள்.

2010 ஏப்ரலில் ‘பார்ன் ஃப்ரீ’ வந்தது. இயக்கியவர் ரோமெய்ன் காவ்ராஸ். நீளம் ஏறக்குறைய ஒன்பது நிமிடம். அமெரிக்கக் கொடி பொறித்த சீருடையில் வரும் ஆயுதப் படை ஒரு குடியிருப்புக்குள் புகுந்து, செம்பட்டைத் தலைமுடி உள்ள ஆண்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பேருந்தில் ஏற்றுகிறது. பாலைவனத்தில் ஒரு சிறுவனைத் தலையில் சுடுகிறார்கள். மற்றவர்களைக் கண்ணிவெடி நிலத்தில் ஓடவிடுகிறார்கள். யூடியூப், வெளியான கையோடு அமெரிக்காவில் அதை நீக்கியது. பிறகு வயது வரம்புக்குப் பின்னால் வைத்தது.

இலங்கைப் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. கண்களையும் கைகளையும் கட்டி, நிர்வாணமாக்கி, ஆட்களைச் சுடுகிற காட்சியை 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பியிருந்தது. இலங்கை அரசு போலி என்றது. நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன், அது உண்மையானது போலவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். மேற்குலகின் பாட்டு ரசிகர்களில் எத்தனை பேர் அன்று தூக்கம் கெட்டார்கள்? செம்பட்டை முடிக்காரர்களை நடிகர்கள் சுட்டபோதுதான் ஊர் பதறியது. நிஜத்துக்கு இல்லாத கோபம் நடிப்புக்கு வந்ததை மாயாவும் அன்றே சுட்டிக்காட்டினார்.

செம்பட்டை முடியைத் தேர்ந்தெடுத்ததில்தான் படத்தின் புத்திசாலித்தனம் இருக்கிறது. சாகிறவன் தமிழனாக இருந்திருந்தால், எங்கோ தீவில் நடக்கும் சண்டை என்று சேனலை மாற்றியிருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பையனின் தலைமுடியே குற்றம் என்றால் எப்படி இருக்கும் என்று படம் கேட்கிறது. அதற்காக எல்லாவற்றையும் மெச்ச வேண்டியதில்லை. உடல் சிதறுவதை அத்தனை நிதானமாக, அத்தனை அழகாகக் காட்டுகிற இடத்தில் காவ்ராஸுக்குத் தன் கேமரா மேல் கொஞ்சம் காதல் மிகுந்துவிட்டது. அந்த ஷாட் இல்லாமலே படம் நின்றிருக்கும்.

பப்ளிக் எனிமி கொலையை ஆசைப்பட்டுக் காட்டியது. மாயா கொலையைக் குற்றம் சாட்டிக் காட்டினார். இரண்டும் எதிரெதிர். ஆனால் 1992இல் எம்.டிவி பார்த்தது, சாகிறவர் யார் என்பதை. 2010இல் யூடியூப் பார்த்தது, எவ்வளவு ரத்தம் என்பதை. படம் என்ன சொல்கிறது என்று இருவருமே பார்க்கவில்லை. ரத்தத்தை மட்டும் அளந்தால் முதலில் வெட்டுப்படுவது சாட்சியாக எடுத்த படம்தான். 2017இல் ராப் பாடகர் ஸ்னூப் டாக் ஒரு வீடியோவில், டிரம்ப் வேடமிட்ட கோமாளியின் தலையில் பொம்மைத் துப்பாக்கி வைத்துச் சுட்டார். குழாயிலிருந்து கொடிதான் வந்தது. டிரம்ப் ட்விட்டரில் பொங்கினார், வீடியோ யூடியூபில் இருந்தது. ரத்தம் வரவில்லை அல்லவா!

என் கணக்கில், அரிசோனா வீடியோவை இரவு வேளையில், எச்சரிக்கை வாசகத்தோடு காட்டியிருக்கலாம். விவாதிக்க வேண்டியதை ஒளித்துப் பயனில்லை. ‘பார்ன் ஃப்ரீ’க்கு வயது வரம்பு தேவைதான்; நீக்கியதற்கு நியாயம் கிடையாது. பெரியவர்கள் தேடிப் பார்த்துத் தாங்களே முடிவு செய்யட்டும். பார்க்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.