கிணற்றுக்குள் மிதக்கும் நன்னீர்: நல்ல தண்ணீர் ஏன் சவராகிறது?

வலிகாமம் வடக்கில் எங்கள் மாமியின் காணி 27 வருடங்களின் பின் விடுவிக்கப்பட்டபோது அங்கே மிஞ்சியிருந்தவை வீட்டின் அத்திவாரமும் கிணறும் மட்டும்தான். கிணற்றுக்குள் பற்றை, கல், துருப்பிடித்த தகரம். ஆள் பிடித்து எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டு, கலங்கல் போகும்வரை இறைத்தோம். மறுநாள் ஊறி நின்ற தண்ணீரை மாமி கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார். "அதே தண்ணிதான் பிள்ளை" என்றார். அன்று அவர் வேறெதுவும் பேசவில்லை.

கொஞ்ச நாளில் மின்சார மோட்டர் வந்தது. வெங்காயமும் வாழையும் வைத்தார்கள். காலையில் போட்ட மோட்டரைச் சில நாட்களில் மத்தியானம் தாண்டித்தான் நிறுத்துவார்கள். இரண்டாவது சித்திரையில் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. "குண்டு விழுந்து அடியிலை கல்லு வெடிச்சிட்டுது, அதுதான் கடல் வருது" என்றார் பக்கத்துக் காணிக்காரர். போரில் இத்தனையை இழந்த ஊரில் அப்படி நினைப்பது இயல்பு. ஆனால் ஒரு கிணறு சவராவதற்குக் குண்டு தேவையில்லை. திரவங்களின் சாதாரண குணம் ஒன்றே போதும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் கிளாசில் பாதியளவு தண்ணீர் எடுத்து, இரண்டு கரண்டி உப்பும் கொஞ்சம் மஞ்சள் தூளும் போட்டுக் கரையுங்கள். அதன் மேல் ஒரு கரண்டியைப் பிடித்து, நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதில் விடுங்கள். நல்ல தண்ணீர் மேலேயும் மஞ்சள் நீர் கீழேயும் நிற்கும். இனி ஒரு உறிஞ்சு குழாயின் நுனியை நல்ல தண்ணீருக்குள் வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். நல்ல தண்ணீர் வரும். பலமாக உறிஞ்சினால் கீழிருக்கும் மஞ்சள் நீர் கூம்பு போல எழும்பிக் குழாய்க்குள் ஏறும்.

யாழ். குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பதும் ஏறக்குறைய இதுதான். எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை செம்பாட்டு மண்ணூடாக இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. அதே கல்லுக்குள் பக்கவாட்டிலிருந்து கடல்நீரும் புகுந்து நிற்கிறது. மழைநீர் பாரம் குறைந்தது என்பதால் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் ஒரு வில்லையைப் போல அது கிடக்கிறது. புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. 1,000 லீற்றர் நன்னீரின் நிறை 1,000 கிலோ. அதே அளவு கடல்நீர் ஏறக்குறைய 1,025 கிலோ. வித்தியாசம் 25 கிலோ. 1,000த்தை 25ஆல் வகுத்தால் 40. அதாவது, கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும். ஒல்லாந்து நாட்டவரான கைபன் 1880களின் இறுதியிலும், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் 1901இலும் தனித்தனியாக இதை எழுதிவைத்தார்கள். இருவர் பெயராலும் இந்த விதி இன்றும் அழைக்கப்படுகிறது.

இந்தக் கணக்கை மறுபக்கமாகவும் வாசிக்க வேண்டும். இறைத்து இறைத்து நன்னீர் மட்டத்தை ஒரு அடி நிரந்தரமாக இறக்கிவிட்டால், கீழேயுள்ள உப்புநீரின் எல்லை காலப்போக்கில் 40 அடி வரை மேலே வரலாம். உண்மையான நிலத்தில் கல்லின் வெடிப்பும் மழையும் இந்த அளவைக் கூட்டும், குறைக்கும். போக்கு மட்டும் மாறாது.

துலாவில் இறைத்த காலத்தில் ஒரு பட்டை தண்ணீர் எடுத்து அடுத்த பட்டையை இறக்குவதற்குள் கிணறு கொஞ்சம் ஊறிவிடும். பின்னர் வந்த மண்ணெண்ணெய் இயந்திரமும் மின்சார மோட்டரும் அந்த இடைவெளியை இல்லாமலாக்கின. மோட்டர் பலமாக இழுக்கும்போது கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் எழும்பி வருகிறது.

இதே பாடத்தை 2004 டிசம்பர் 26க்குப் பின் கிழக்குக் கரையோரமும் படித்தது. சுனாமி புகுந்த கிணறுகளை உப்புப் போகட்டும் என்று திரும்பத் திரும்ப இறைத்தார்கள். மணற்பாங்கான நிலத்தில் மெல்லியதாக மிதந்த நன்னீரை அது மேலும் குலைத்தது. அளவுக்கு மிஞ்சி இறைக்க வேண்டாம் என்று நிபுணர்கள் பின்னர் சொன்னார்கள். உப்பைக் கழுவிக் கீழே இறக்குவது பெரும்பாலும் மழையின் வேலை.

மிதப்பது நன்னீர் மட்டுமல்ல. சுன்னாகத்தில் கிணற்று நீரின் மேல் எண்ணெய் படர்ந்ததை மறந்திருக்க மாட்டோம். மின் உற்பத்தி நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெடிப்புள்ள கல்லில் ஒரு காணியில் ஊற்றப்படுவது இன்னொரு காணியின் கிணற்றுக்குப் போய்ச் சேரும். வேலி நிலத்துக்கு மேலே மட்டும்தான்.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? ஒரே மூச்சில் இறைக்காமல், காலையும் மாலையுமாகப் பிரித்து, இடையில் ஊற விட்டு இறைக்கலாம். கரையோரத்தில் சவர்க் கிணற்றை மேலும் ஆழமாக்குவதும் குழாய்க்கிணறு அடிப்பதும் உப்பை நோக்கியே போகும். குளங்களையும் கேணிகளையும் தூர்வார வேண்டும். அவற்றை நிரப்பி வீடு கட்டக் கூடாது. அங்கே தேங்கி இறங்கும் மழைதான் கீழேயுள்ள உப்பை அழுத்தி வைத்திருக்கிறது. 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தின் அடிப்படையும் இதுவே. கடலுக்குப் போகும் மழைநீரை மறித்து, கடல்நீரேரிகளை நன்னீராக்குவது அதன் நோக்கம்.

மாமி மோட்டரை இப்போது காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் மட்டும் போடுகிறார். வெங்காயத் தறையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். கடந்த மாரிக்குப் பின் கரிப்புக் குறைந்திருக்கிறது, முற்றாகப் போகவில்லை. பக்கத்துக் காணிக்காரரின் மோட்டர் மட்டும் இன்னும் மத்தியானம் வரை ஓடுகிறது. இரண்டு கிணறுகளுக்கும் அடியில் இருப்பது ஒரே தண்ணீர். அவரோடு பேச வேண்டும் என்று மாமி சொல்லிக்கொண்டிருக்கிறார்.