கழற்றினால் ஒடியும் பிளக்

அமெரிக்காவில் பழைய ஃபோர்டு எஃப்-150 ட்ரக் வைத்திருப்பவர்களுக்கு ஸ்பார்க் பிளக் மாற்றுவது என்றாலே வயிற்றைக் கலக்கும். 2004 மாடலில் வந்த 5.4 லிட்டர், மூன்று வால்வு ட்ரைட்டன் எஞ்சினில் எட்டு பிளக்குகள். ஒவ்வொன்றும் இரண்டு துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. அடிப்பகுதி நீளமான, மெல்லிய குழாய். அதற்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே கரி இறுகிவிடும். ஸ்பானரைத் திருப்பினால் மேல் பாதி மட்டும் கையோடு வரும். 1,00,000 மைல் வரை பிளக்கைத் தொடவே வேண்டாம் என்பது நிறுவனத்தின் கணக்கு. கரிக்குத் தாராளமான அவகாசம்!

பிறகு நிறுவனமே மெக்கானிக்குகளுக்கு வழி சொன்னது. எஞ்சின் நன்றாக ஆறியதும் பிளக்கைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் தளர்த்தி, கார்புரேட்டர் கிளீனர் விட்டு, 15 நிமிடம் காத்திருந்து, முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் போச்சு.

அப்படியும் ஒடிந்தால்? உள்ளே சிக்கிய பீங்கானைக் கீழே தள்ளி, குழாய்க்குள் மரை போட்டு, அதற்கென்றே வந்துள்ள கருவியை முறுக்கி மேலே இழுக்கிறார்கள். பீங்கான் சில்லு சிலிண்டரில் விழுந்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். முடியாவிட்டால் ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான். கூலி எகிறுவது அங்கேதான். புது பிளக்கின் குழாயில் நிக்கல் பசை பூசுவதும் கட்டாயம். எலெக்ட்ரோடில் மட்டும் படக்கூடாது.

பின்னர் வடிவமைப்பு மாறியது. ஆனால் உரிமையாளர்கள் விடவில்லை. அவர்கள் தொடுத்த வழக்குகள் 2012-ல் ஒஹையோ ஃபெடரல் நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. இந்த ட்ரக்கைப் பழையதாக வாங்குபவர் மைல் கணக்குக்கு முன் கேட்க வேண்டியது: "எட்டு பிளக்கும் மாற்றியாயிற்றா?"