வயிற்றுப் பூச்சி போடும் கள்ளக் கையெழுத்து



சென்ற மாத உரை முடிந்ததும் ஓர் அம்மா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, ஊரில் வெறுங்காலோடு திரிந்தபோது வந்த பூச்சி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் வயிற்றில் இருக்குமோ?" இருக்கலாம் என்பதே பதில். எப்படி என்பதை ஒரு கணக்காளனுக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

புழுக்களின் பாஷை இரசாயனம். பல இனங்களில் ஆண் புழு பெண்ணைத் தேடிப் போவதே அது விடும் இரசாயனக் குறிப்பை வைத்துத்தான். நமது குடலும் சும்மா இருப்பதில்லை. புழு வந்ததை உணர்ந்து செய்தி அனுப்பும் கலங்கள் குடற்சுவரில் உண்டு. 2016இல்தான் அவற்றின் இந்த வேலை தெளிவானது. செய்தி போனதும் சளி கூடுதலாகச் சுரக்கும். தசை இறுகிப் புழுவை வெளியே தள்ளப் பார்க்கும்.

புழுவும் விடுவதில்லை. 'எதிர்ப்பை நிறுத்து' என்று உடல் தனக்குத்தானே இடும் கட்டளையைப் போலவே வேலை செய்யும் ஒரு புரதத்தை, எலியின் குடலில் வாழும் ஒரு புழு சுரக்கிறது. 2017இல் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் கள்ளக் கையெழுத்து! உடல் அதை நம்பிக் காவலைத் தளர்த்திவிடுகிறது.

மனிதருக்கு வரும் புழுக்களில் நாம் கவனிக்கவேண்டியது ஸ்ட்ரோங்கிலோய்டஸ். மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து உள்ளே வரும். அதன் குஞ்சுகள் வெளியே போகாமல் திரும்பவும் உடலுக்குள்ளேயே புகுந்து வளரக்கூடியவை. அதனால் இது தானாக முடிவதில்லை. இரண்டாம் உலகப்போரில் பர்மா ரயில்பாதையில் வேலை செய்விக்கப்பட்ட போர்க்கைதிகளிடம், 30 வருஷங்களுக்குப் பிறகும் இதைக் கண்டார்கள்.

பெரும்பாலும் அறிகுறியே இராது. ஆனால் ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ ஸ்டீரோயிட் குளிசை எடுக்கும்போது உடலின் காவல் குறைய, புழு உடலெங்கும் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். 2020இல் கொரோனாவுக்கு ஸ்டீரோயிட் கொடுக்கத் தொடங்கியபோதும் வைத்தியர்கள் இதை நினைவூட்டினார்கள்.

என் தாயாருக்கு ஸ்டீரோயிட் எழுதியபோது, ஊரில் வளர்ந்த கதையை நான்தான் வைத்தியரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை, அம்மா சொல்ல வெட்கப்பட்டார். இரத்தப் பரிசோதனையில் புழு இருப்பது தெரிந்தது. ஐவர்மெக்டின் கொடுத்தபின்பே மற்ற மருந்தைத் தொடங்கினார்கள்.

சாதாரண மலப் பரிசோதனையில் இது தப்பிவிடலாம். வழக்கமான பூச்சிக் குளிசை ஒன்றும் இதற்குப் போதாது. ஆகவே "நான் வெப்பநாட்டில் வளர்ந்தவன், ஸ்ட்ரோங்கிலோய்டஸ் பார்க்கவேண்டுமா?" என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். ஏற்கெனவே ஸ்டீரோயிட் எடுப்பவர்கள் தாமாக அதை நிறுத்தவேண்டாம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.