ஐந்து நிமிடச் சுற்று

கோவை நூற்பாலைகளில் அன்று சைடர் எனப்படும் தொழிலாளி, நூல் நூற்கும் ரிங் பிரேம்களுக்கு நடுவே ஓயாமல் நடந்து, இழை அறுந்த இடத்தைக் கண்ணால் தேடிப் பிடிப்பார். இன்று கதிருக்கு ஒரு சென்சார் வைத்த ஆலைகளில் அறுந்த இடத்தில் விளக்கு எரிகிறது. அவர் நேரே அங்கே போகிறார். பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் உள்ள மென்பொருள் அலுவலகங்கள் நம்பியிருக்கும் லினக்ஸ் சர்வர்களிலும் இதே மாற்றம் நடந்திருக்கிறது.

அன்று, ஒரு ஃபோல்டரில் புதுக் கோப்பு வந்ததா என்று பார்ப்பது கிரானின் வேலை. 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்த கருவி அது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டச் சொன்னால் நாளுக்கு 288 முறை ஓட்டும். ஒரே ஒரு கோப்பு வந்த நாளிலும் 288 முறைதான். அவசரக் கோப்பும் அடுத்த சுற்றுவரை காத்துக் கிடக்கும். பாதி ஏறிய கோப்பை ஸ்கிரிப்ட் எடுத்துவிடாதிருக்க, வேறு பெயரில் ஏற்றி, முடிந்தபின் பெயரை மாற்றுவார்கள்.

2005 ஆகஸ்டில் லினக்ஸ் 2.6.13 கெர்னலோடு ஐநோட்டிஃபை வந்தது. இன்று, கோப்பு எழுதி மூடப்பட்டதும் கெர்னலே தகவல் தருகிறது. அதைக் கேட்டிருக்கும் இன்கிரான் அல்லது சிஸ்டம்டி என்ற நிரல் உடனே ஸ்கிரிப்டை ஓட்டிவிடுகிறது. முன்பு ஒரு பயனர் கண்காணிக்கக்கூடிய இடங்களின் இயல்பான வரம்பு 8,192. 2021இல் வந்த 5.11 கெர்னலிலிருந்து, நினைவகத்தின் அளவைப் பொறுத்து, 10,48,576 வரை போகிறது.

ஆனால் அந்தத் தகவல் ஒரே ஒரு முறைதான் வரும். கேட்கும் நிரல் நின்றுபோயிருந்தாலோ, வழக்கமாக 16,384 நிகழ்வுகள் கொள்ளும் வரிசை நிரம்பிவிட்டாலோ, வந்த கோப்பு கேட்பாரற்றுக் கிடக்கும். என்எஃப்எஸ் என்ற பிணையக் கோப்பு முறை வழியே வேறொரு கணினி எழுதியது தெரியவே தெரியாது. கிரானுக்கு இந்தக் கவலைகள் இல்லை. இரவெல்லாம் சர்வர் நின்றிருந்தாலும், எழுந்தபின் வரும் முதல் சுற்றிலேயே தேங்கியதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். எது விடுபட்டது என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் பார்ப்பதால் எதுவும் விடுபடுவதில்லை.

ஆகவே இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்லது: உடனடி வேலைக்கு ஐநோட்டிஃபை, விட்டதைப் பொறுக்க மணிக்கு ஒருமுறை கிரான். 288 சுற்றுகள் 24 ஆகக் குறைந்தது லாபம்தான். அந்த 24ஐயும் வீண் வேலை என்று நிறுத்திவிட்டால், வராத தகவலைத் தேடிப் போக ஒருவரும் இருக்கமாட்டார்கள்.