குடல் ஒட்டுண்ணிக்கு ஆன்டிபாடி: எலெக்ட்ரானிக் சிட்டியால் முடியும்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி என்றால் மென்பொருள் என்றே பலரும் நினைக்கிறோம். பயோகான் நிறுவனத்தின் தலைமையகமும் அங்கேதான் இருக்கிறது. 2006-இல் தலை, கழுத்துப் புற்றுக்கான நிமோடுசுமாப். 2013-இல் சொரியாசிஸுக்கான இடோலிசுமாப். இந்த மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்துகளை இந்தியாவில் அறிமுகப்படுத்திய நிறுவனம் அது. ஒரே இலக்கைக் குறிவைத்துப் பற்றும் எதிர்ப்புரதத்தை, உயிர்ச்செல்களை வளர்த்து எடுக்கும் வித்தை இந்த மண்ணுக்குக் கைவந்துவிட்டது. அது ஏழைக் குழந்தையின் குடலுக்கும் பயன்பட வேண்டும்.

வயிற்றுப்பூச்சிக்கு ஆன்டிபாடி தேவையில்லை. 2015-இல் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இலவசமாகத் தரும் அல்பெண்டசோல் மாத்திரையே போதும். அந்த மாத்திரைக்கு அடங்காத ஒட்டுண்ணி ஒன்று உண்டு: கிரிப்டோஸ்போரிடியம்.

குளோரினுக்கு அஞ்சாத கிருமி

சுமார் 5 மைக்ரான் அளவே உள்ள இதன் முட்டைக்கூடு, குடிநீரில் கலக்கும் குளோரினைத் தாங்கிவிடும். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய்த் தண்ணீர் வழியாக ஏறத்தாழ 4 லட்சம் பேரை நோயில் தள்ளியது இதுதான். கொல்கத்தா உட்பட ஏழு இடங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், கைக்குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு ரோட்டாவைரஸுக்கு அடுத்த காரணமாக இது நின்றது. வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் குடிசைப் பகுதிக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே கண்காணித்தபோது, வயிற்றுப்போக்கே இல்லாத பலரிடமும் இந்தத் தொற்று தெரியவந்தது.

நைட்டசாக்சனைடு என்ற மருந்துக்கு 2002-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. ஆனால் எய்ட்ஸ் நோயாளிகளிடம் அது கைகொடுக்கவில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு ஒப்புதலும் இல்லை. மருந்து மிகவும் தேவைப்படுபவர்கள் அந்த இரு தரப்பினர்தான்.

சீம்பால் காட்டிய வழி

சிறுகுடலில் முட்டைக்கூடு திறந்து நான்கு நுண்ணுயிர்கள் வெளியே வரும். குடற்சுவர்ச் செல்லின் சவ்வை இழுத்துப் போர்த்திக்கொண்டு பதுங்கும். வெளிவருவதற்கும் பதுங்குவதற்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியில்தான் ஆன்டிபாடி அவற்றை மடக்க முடியும். கிரிப்டோஸ்போரிடியத்துக்கு எதிராகத் தடுப்பூசி போட்ட பசுவின் சீம்பாலைக் கொடுத்து, எதிர்ப்பாற்றல் குன்றிய ஒரு சிறுவனின் வயிற்றுப்போக்கை நிறுத்தியதாக 1986-இல் மருத்துவ இதழில் செய்தி வந்தது. பிற்பாடு எய்ட்ஸ் நோயாளிகளிடம் செய்த சோதனைகளின் பலன் சீராக இல்லை. இரைப்பை அமிலமும் செரிமான நொதிகளும் ஆன்டிபாடியைச் சிதைத்துவிடுவது பெரிய இடையூறு. டாக்கா குழந்தைகளிடமோ, இந்தக் கிருமிக்கு எதிரான ஐ.ஜி.ஏ. ஆன்டிபாடி தாய்ப்பாலில் அதிகம் இருந்தால் தொற்று குறைவாக இருந்தது. தாய்ப்பால் செய்வதைச் சொட்டு மருந்தாகச் செய்ய முடியுமா என்பதே இனி விடை காண வேண்டிய கேள்வி.

ஒட்டுண்ணியை ஆன்டிபாடியால் தடுக்க முடியும் என்பதற்கு மலேரியா சான்று. மாலி நாட்டில் ஒரே ஒரு முறை ஏற்றிய ஆன்டிபாடி, ஆறு மாதப் பருவத்தில் 88 சதவீதத் தடுப்பைத் தந்ததாக 2022-இல் முடிவு வெளியானது.

குடிசைக் குழந்தையை நம்பி எந்த நிறுவனமும் தானாக முதலீடு செய்யாது. ரோட்டாவைரஸுக்கும் இதே நிலைதான் இருந்தது. அரசு நிதியும் பொது நிறுவனங்களும் தனியார் ஆலையும் கைகோத்து ரோட்டாவேக் தடுப்பு மருந்தை உருவாக்கின. அதன் சோதனைக் களங்களில் வேலூரும் ஒன்று. 2016-இல் அது அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. அதே கூட்டணியை கிரிப்டோஸ்போரிடியத்துக்கும் அமைக்க வேண்டும். நோயை அறிந்தவர்கள் வேலூரில் இருக்கிறார்கள். மருந்து செய்யத் தெரிந்தவர்கள் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறார்கள். இருவரையும் ஒரே மேசைக்கு அழைக்க வேண்டியது அரசு.